மரவட்டைக்கு மருந்து கேட்கும் நண்பர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை சேர்ந்தாற்போல் இரண்டு நாள் பெய்துவிட்டால் போதும். நம் உழவர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "மூடாக்குக்கு அடியில மரவட்டை மொய்க்குதுங்க, என்ன அடிக்கலாம்?" பத்து நிமிஷத்தில் பதில்களும் வந்து விழும். உப்புக் கரைசல் என்பார் ஒருவர். புகையிலைக் கரைசல் என்பார் இன்னொருவர். மண்ணெண்ணெய் கலந்த சோப்புத் தண்ணீர் என்பார் மூன்றாமவர். இருபது வருஷமாக யூரியா மூட்டையைத் தொடாதவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் கைத்தெளிப்பானோடு நிற்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரவட்டைக்கு மருந்து வேண்டாம். ரசாயனமும் வேண்டாம், மூலிகையும் வேண்டாம். நாற்றைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தப் பிராணி யார், எந்த வம்சம், நம் நிலத்தில் அதற்கு என்ன பாத்தியதை என்று பார்த்துவிடுவோம். வேலையில் இருந்த காலமெல்லாம் வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். மனுதாரரின் பூர்வீகம் தெரியாமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. மரவட்டையைக் கொல்லும் உத்தரவிலும் அப்படிப் போட முடியாது.

யாருடைய பட்டா பழையது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பூரான் வேறு, மரவட்டை வேறு. பூரானுக்கு உடலின் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு ஜோடி கால். அது ஓடும், கடிக்கும், மற்ற பூச்சிகளை வேட்டையாடும். மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால்கள். அது மெல்ல நகரும், தொட்டால் சுருளும், கடிக்காது. நம் பிள்ளைகள் 'ரயில் பூச்சி' என்று கூப்பிடுவது இதைத்தான். செத்த இலை, மக்கிய கட்டை, உதிர்ந்த பட்டை ஆகியவைதான் இதன் முக்கியமான சாப்பாடு.

ஸ்காட்லாந்து நாட்டில் ஸ்டோன்ஹேவன் என்று ஒரு கடற்கரை ஊர். அங்குள்ள பாறையில் மைக் நியூமன் என்பவர் ஒரு சிறு புதைபடிவத்தைக் கண்டெடுத்தார். அவர் பேராசிரியர் இல்லை. பஸ் ஓட்டுநர். ஓய்வு நேரத்தில் பாறைகளில் புதைபடிவம் தேடுவது அவர் பழக்கம். அவர் எடுத்தது சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள மரவட்டைத் துண்டு. அதன் பக்கவாட்டில் மூச்சுவிடும் துளைகள் தெளிவாகத் தெரிந்தன. மூச்சுத்துளை இருந்தால் அது தண்ணீரில் வாழ்ந்தது ஆகாது, நிலத்தில் காற்றை இழுத்து வாழ்ந்தது என்று பொருள். 2004ல் அறிவியலாளர்கள் அதற்கு 'நியூமோடெஸ்மஸ் நியூமனி' என்று அந்த ஓட்டுநரின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். முதலில் 42.8 கோடி ஆண்டு பழையது என்று நினைத்தார்கள். பிறகு பாறையின் வயதை மறுபடி கணக்கிட்டு, சுமார் 41.4 கோடி ஆண்டு என்றார்கள். குறைத்துச் சொன்ன கணக்கிலும், நிலத்தில் காற்றைச் சுவாசித்த பிராணிகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று அது.

41 கோடி ஆண்டு என்றால் எவ்வளவு? டைனோசர்கள் வந்ததே சுமார் 23 கோடி ஆண்டுக்கு முன்னால்தான். பூக்கும் செடிகள் பரவத் தொடங்கியது அதற்கும் பின்னால். மனிதன் விதை போட்டு விவசாயம் ஆரம்பித்து ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. நிலத்தில் செடி என்று ஒன்று தலைகாட்டி, அது செத்து விழ ஆரம்பித்த காலத்திலேயே, அதைத் தின்று மண்ணுக்குத் திருப்பித் தரும் வேலையை இந்த வம்சம் எடுத்துக்கொண்டுவிட்டது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

எட்டரை அடி நீள மரவட்டை

இந்த வம்சத்தில் ஒரு பிரம்மாண்டமான கிளை இருந்தது. பெயர் ஆர்த்ரோப்ளூரா. சுமார் 34.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 29 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை, இன்றைய ஐரோப்பா, வட அமெரிக்கா இருக்கும் நிலப்பகுதியில் வாழ்ந்தது. அந்த நிலம் அப்போது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தது. வெப்பமும் ஈரமும் நிறைந்த சதுப்புக் காடுகள், ஆற்றோரத் திறந்தவெளிகள். அந்த நாடுகளின் நிலக்கரிப் படுகைகள் பல அந்தக் காடுகளின் மிச்சம்தான்.

1854ல் ஜெர்மனியில் கிடைத்த துண்டுகளைக் கொண்டு இதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் முழு உருவம் நீண்ட காலம் புதிராகவே இருந்தது. செத்தால் வளையம் வளையமாகக் கழன்று சிதறிவிடும் உடம்பு என்பதால் படிவமாக நிலைப்பது அபூர்வம். 2018 ஜனவரியில் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து பகுதியில், ஹோவிக் என்ற இடத்தில், கடலோரப் பாறை ஒன்று மேலிருந்து விழுந்து பிளந்து கிடந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முன்பு படித்த மாணவர் ஒருவர் அந்த வழியாக நடந்து போகும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. உள்ளே 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மரவட்டையின் உடல் வளையங்கள். பாறையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

நீல் டேவிஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் 2021ல் அளவைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அகலம் சுமார் 55 சென்டிமீட்டர். நீளம் சுமார் 2.6 மீட்டர், நம் கணக்கில் எட்டரை அடி. எடை சுமார் 50 கிலோ, பழைய யூரியா மூட்டை ஒன்றின் எடை. வயது சுமார் 32.6 கோடி ஆண்டு. நிலத்தில் வாழ்ந்த முதுகெலும்பில்லாத பிராணிகளில் இதுவரை தெரிந்ததில் இதுதான் பெரியது என்று சொல்கிறார்கள். கிடைத்ததுகூட செத்த உடல் இல்லையாம். வளரும்போது உரித்துப் போட்ட சட்டையாக இருக்கலாம் என்கிறார்கள். பாம்பு சட்டை உரிப்பதுபோல மரவட்டையும் தோலுரித்துத்தான் வளரும்.

தலை மட்டும் கிடைக்காமலே இருந்தது. 170 வருஷம் கழித்து, 2024ல், அந்தக் குறையும் தீர்ந்தது. பிரான்சில் மோன்சோ-லே-மீன் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் கிடைத்த குட்டிகளின் படிவங்களை, ஆஸ்பத்திரியில் நமக்கு ஸ்கேன் எடுப்பதுபோல் உள்ளுக்குள் படமெடுத்துப் பார்த்தார்கள். உருண்டைத் தலை, குட்டையான இரண்டு உணர்கொம்புகள், நண்டுக்கு இருப்பதுபோல் காம்பில் நிற்கும் கண்கள். தலையின் சில அடையாளங்கள் பூரானைப்போல இருந்தாலும், வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால் கொண்ட உடம்பு மரவட்டையுடையது. பூரானுக்கு இருக்கும் விஷக்கொடுக்கு இதற்கு இல்லை. ஆகவே இது வேட்டைக்காரன் இல்லை, தரையில் கிடந்த செத்த செடிகொடிகளைத் தின்றிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

இதில் நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் காற்றில் ஆக்சிஜன் அதிகம், அதனால்தான் பூச்சிகள் பெரிதாக வளர்ந்தன என்று பாடப் புத்தகங்களில் படித்திருப்போம். ஆனால் ஹோவிக் படிவம் ஆக்சிஜன் உச்சத்தைத் தொடுவதற்கு முந்தைய காலத்தது. அப்படியானால் ஆக்சிஜனை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. சத்தான தீனி கிடைத்திருக்க வேண்டும் என்று டேவிஸ் குழுவினர் கருதுகிறார்கள். தரையில் குவிந்த சருகு, கொட்டை, விதை என்று. ஒரு உழவனுக்கு இது ஆச்சரியமே இல்லை. தீனி இருக்கிற இடத்தில் உடம்பு வைக்கும்.

வம்சம் ஏன் மெலிந்தது?

பிறகு அந்தப் பெரிய மரவட்டை என்ன ஆனது? சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் தடயம் நின்றுபோகிறது. இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, பூமத்திய ரேகைப் பகுதி வறண்டு, ஈரக் காடுகள் சுருங்கியது. இன்னொன்று, புதிதாகப் பெருகிய ஊர்வன அதே இடத்துக்கும் தீனிக்கும் போட்டிக்கு வந்தது. இரண்டில் எது எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது.

ஆனால் அதே வம்சத்தின் சின்ன உருப்படிகள் பிழைத்துக்கொண்டன. ஒரு இலைக்கு அடியில் இருக்கும் ஈரமே அவற்றுக்குப் போதும். டைனோசர்களை அழித்த பேரழிவு உட்பட எல்லாவற்றையும் கடந்து, இன்று உலகம் முழுக்கப் பன்னிரண்டாயிரம் இனங்களுக்கு மேல் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 270 இனங்கள் இருப்பதாக 2016ல் வெளியான ஒரு பட்டியல் சொல்கிறது. பெரிய முதலாளி திவாலாகி, சில்லறைக் கடைக்காரர் தாக்குப்பிடித்த கதைதான் இது. இந்தச் சில்லறைக் கடைக்காரருக்கு இரண்டே இரண்டு முதல் வேண்டும்: செத்த இலை, கொஞ்சம் ஈரம். 29 கோடி ஆண்டாக இந்த இரண்டும் எங்கோ ஒரு மூலையில் கிடைத்துக்கொண்டே இருந்தது. நம் காலத்தில்தான் வயல் வயலாக இரண்டையும் பிடுங்குகிறோம். சருகைக் கொளுத்துகிறோம், மண்ணை வெயிலில் அம்மணமாக நிறுத்துகிறோம். அதற்கும் தப்பி வருவதன்மேல் மருந்து அடிக்கிறோம்.

செம்பரம்பாக்கத்தின் இலைகள்

ஆர்த்ரோப்ளூரா நம் ஊர்ப் பக்கம் இருந்ததா என்று கேட்பீர்கள். அது உலவிய காலத்தின் பிற்பகுதியில் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்றாக ஒட்டி, தென் துருவத்தை நெருங்கிக் கிடந்தன. பெரும் பகுதி பனிப்பாறைக்கு அடியில். அந்தப் பனி இழுத்துப் போட்ட கற்களை ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியில் இன்றும் பார்க்கலாம். ஈரச் சூட்டில் வாழ்ந்த அந்தப் பிராணிக்கு ஏற்ற இடமில்லை அது.

ஆனால் அதற்கு வெகுகாலம் பின்னால், பனி போய்ப் பசுமை வந்த பிறகு நம் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு, செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரு மணி நேர சைக்கிள் தூரத்தில் சாட்சி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர். கார்த் தொழிற்சாலைக்கும் செல்போன் தொழிற்சாலைக்கும் பெயர்போன அந்த ஊரின் பெயரைப் புவியியல் படிப்பவர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தின் களிக்கல் அடுக்குகளில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இலைகளின் அச்சு பதிந்திருக்கிறது. பெரணிகள், ஈந்து போன்ற தோற்றமுள்ள சைக்காஸ் வகைச் செடிகள், ஊசியிலை மரங்கள். பல்லாவரத்தில் 1863ல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர்தான் இந்த அடுக்குகளையும் ஆராய்ந்து எழுதினார். 1879ல் ஃபைஸ்ட்மன்டல் என்பவர் அந்தச் செடிகளை வகைப்படுத்தினார்.

அந்த இலை அச்சுகளைப் பற்றி யோசித்தால் ஒன்று புரியும். சேற்றில் மூடிக் காற்றுப் படாமல் போன சில இலைகள்தான் கல்லாகின. மற்றபடி அந்தக் காட்டில் விழுந்த கோடானுகோடி இலைகளும் கல்லாகவில்லை, மண்ணாகின. யாரோ தின்று மண்ணாக்கினார்கள். அந்தக் கணக்கு நின்றுபோனால் நமக்குக் கீழே மண் என்று ஒன்று இருக்காது.

சில்லறை மாற்றித் தருகிறவர்

நம் இயக்கத்தில் மண்புழுவுக்கு நல்ல மரியாதை இருக்கிறது. இருக்கவும் வேண்டும். டார்வினே தன் கடைசிப் புத்தகத்தை மண்புழுவைப் பற்றித்தான் எழுதினார், 1881ல். மண்புழு உரக் கொட்டகை போடக் கடன்கூடக் கொடுத்திருக்கிறோம். ஆனால் மரவட்டைக்கு ஒரு கூட்டத்தில் ஒரு நன்றியுரை கேட்டதுண்டா?

வங்கி மொழியில் சொல்கிறேன். ஒரு முழு மாவிலை என்பது பெரிய நோட்டு. நுண்ணுயிர் என்பது பெட்டிக்கடை. பெரிய நோட்டை நீட்டினால் பெட்டிக்கடைக்காரர் "சில்லறை இல்லைங்க" என்பார். இலையின் மேலே மெழுகுப் பூச்சு, உள்ளே நார், கசப்பு. பாக்டீரியாவும் பூஞ்சணமும் அதற்குள் புக நாளாகும். மரவட்டை அந்த இலையை மென்று, குடல் வழியாக அனுப்பி, சிறு சிறு குருணையாக வெளியே தள்ளுகிறது. தின்றதில் அது தன் உடம்புக்கு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மீதியெல்லாம் எச்சமாக வந்துவிடும். அந்த எச்சத்தின் மேற்பரப்பு பெரியது, ஈரம் உண்டு, நுண்ணுயிர் கலந்தது. அதற்குப் பிறகு பூஞ்சணம், பாக்டீரியா, மண்புழு எல்லாரும் வரிசையில் வந்து வாங்கிக்கொள்கிறார்கள். தோலில் சுண்ணாம்புச்சத்தைச் சேர்த்து வைப்பதும் மரவட்டையின் வழக்கம். செத்தால் அதுவும் மண்ணுக்குத்தான்.

இது என் சொந்த ஆசையில் சொல்வது அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில், தொட்டால் கோலிக்குண்டு மாதிரி உருளும் மரவட்டை ஒன்று உண்டு. ஆர்த்ரோஸ்பேரா என்று பெயர். மங்களூர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தோட்டக் கழிவுகளை அதற்குத் தீனியாகப் போட்டு உரமாக்கிப் பார்த்து, அந்த உரத்தின் தரத்தை 2006ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பிரேசில் நாட்டின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபா இன்னும் ஒரு படி மேலே போய், மரவட்டை உரத்தை விவசாயிகளுக்கே கற்றுக்கொடுக்கிறது. அங்கே அதற்குக் 'கோங்கோ கம்போஸ்ட்' என்று பெயர். காய்ந்த இலை, புல், அட்டைப்பெட்டித் துண்டுகளை ஈரமாக்கித் தொட்டியில் போட்டு மரவட்டையை விட்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் நாற்றுவிடத் தகுந்த உரம் கிடைக்கிறது. சாணம் தேவையில்லை. மாடு வைத்துக்கொள்ள வசதியில்லாத நம் புறநகர்ச் சிறு விவசாயி இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் பயன்படுத்தும் செம்பழுப்பு மரவட்டையின் சொந்த ஊர் தென்கிழக்கு ஆசியா. இந்தியாவிலும் இலங்கையிலும் பரவிக் கிடக்கிறது. உலகத்தின் அந்தக் கோடியில் கூலியில்லா ஆளாக நடத்தும் பிராணிக்கு, இங்கே நாம் உப்புக் கரைசல் தேடுகிறோம்.

"நாத்தைத் தின்னுதே சார்"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஈரம் மிகுந்த மழைநாளில் மரவட்டை இளம் முளைகளையும், தரையில் படும் காய்களையும் கடிப்பது உண்டு. ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் மண்ணுக்குள் இருக்கும் நிலக்கடலைக் காயைத் துளைத்து நஷ்டம் செய்யும் இனங்களும் உண்டு. மரவட்டை தெய்வம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் எங்கே எப்போது கடிக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் கீரைப் பாத்தியில் நான் பார்த்த வரையில், சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிய பாத்தியில்தான் சேதம் கூடுதல். தின்ன சருகு இல்லாத இடத்தில் மெத்தென்று இருப்பது முளை ஒன்றுதான். ரேஷன் கடையை மூடிவிட்டு, பசித்தவன் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று போலீஸைக் கூப்பிட்ட கதை இது.

எங்கள் தோட்டத்தில் செய்வதைச் சொல்கிறேன். விதைத்த பாத்தியில் முதல் பதினைந்து நாளுக்கு மூடாக்கு போடுவதில்லை. நாற்று நடும்போது தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மூடாக்கை விலக்கி வைக்கிறோம். பாத்திக்குப் பக்கத்தில் வரப்போரமாக ஈரச் சருகுக் குவியல் ஒன்று எப்போதும் இருக்கும். அதுதான் மரவட்டையின் ரேஷன் கடை. தண்ணீர் காலையில் பாய்ச்சுகிறோம், சாயங்காலத்துக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். மரவட்டை ராத்திரி நடமாடும் பிராணி, உலர்ந்த மண்ணில் நடக்க விரும்பாது. அப்படியும் அதிகமாகத் தெரிந்தால், நனைத்த சாக்கையோ வாழை மட்டையையோ ராத்திரி பாத்தியில் போட்டுவைத்தால் காலையில் அடியில் கூடியிருக்கும். முறத்தில் அள்ளி மட்குக் குழியில் விட்டுவிடலாம். நிலக்கடலை போட்டவர்கள் முற்றிய காயை ஈர மண்ணில் கிடக்க விடாமல் காலத்தோடு பிடுங்கிவிட வேண்டும்.

அள்ளும்போது ஒரு எச்சரிக்கை. மரவட்டை பயந்தால் உடம்பிலிருந்து ஒரு திரவத்தைக் கசியவிடும். தோலில் பட்டால் கறை படியும், சிலருக்கு எரியும். சில இனங்களின் திரவத்தில் சயனைடு வாயுகூட உண்டு. கையுறை போடுங்கள். போடாமல் தொட்டால் கண்ணைக் கசக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். அது கடிக்காது, நாம் துன்புறுத்தினால்தான் இந்தத் தற்காப்பு.

இதில் எதற்கும் பணம் செலவில்லை. புகையிலைக் கரைசலுக்கு வருவோம். புகையிலையில் இருப்பது நிகோட்டின். செடியிலிருந்து வந்தது என்பதால் அது சாதுவாகிவிடாது. மரவட்டைக்கு என்று ஊற்றினால் மண்புழுவுக்கும், சருகுக்கடியில் இரை தேடும் வண்டுக்கும், சிலந்திக்கும் சேர்த்துத்தான். உப்பு ஊற்றினால் மண்ணே கெடும். மண்ணெண்ணெயைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா? இயற்கை என்ற சொல்லை லேபிளாக ஒட்டிக்கொண்டு விஷத்துக்கு இன்னொரு கவுண்டர் திறப்பது நம் இயக்கத்துக்கு அழகல்ல. கடைகளிலோ இன்னும் மோசம். எங்கள் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மரவட்டை என்று சொன்ன உடனே குருணை மருந்துப் பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறார்கள். என்ன பயிர், பக்கத்தில் கிணறு இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை.

பக்கத்து மனைக்காரர்கள்

செம்பரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் விவசாயம் செய்கிறவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. நெல் வயலாக இருந்தவை லேஅவுட்டாகிவிட்டன. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். மழை வந்ததும் மரவட்டை படியேறும். "உங்க தோட்டத்துலருந்துதான் சார் வருது, மருந்து அடிங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். அதே வீடுகளில் மாசி, பங்குனியில் வேப்பஞ்சருகைக் கூட்டித் தெருமுனையில் கொளுத்துவார்கள்.

அவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நாங்கள் சொல்வது இதுதான்: "வாசல் ஓரம் ஈரக் குப்பை சேர விடாதீங்க, கதவுக்கு அடியில இடைவெளியை அடைங்க, வந்ததைத் துடைப்பத்தால தள்ளி வெளிய விடுங்க. சருகைக் கொளுத்தாதீங்க, சாக்குல கட்டி வைங்க, நாங்களே வந்து எடுத்துக்கிறோம்." முதல் வருஷம் ஒரு வீடுதான் கொடுத்தது. இப்போது ஒரு தெருவே கொடுக்கிறது. எங்கள் மூடாக்கில் பாதிக்கு மேல் அந்தத் தெருவின் வேம்பும் புங்கனும் பாதாமும்தான். கொளுத்தினால் அந்தச் சருகிலிருக்கும் தழைச்சத்து பெரும்பாலும் புகையாகப் போய்விடும். அதே சத்தைத்தானே மறுநாள் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்? குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை செய்து, 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது, புகையும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. சென்னை குடிக்கிற தண்ணீர். ஏரிக்கு மேட்டில் இருக்கும் வயலிலும் வாசலிலும் நாம் எதை ஊற்றினாலும் மழை அதை எங்கே கொண்டுபோகும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மரவட்டைக்கு அடிக்கும் மருந்து மரவட்டையோடு நிற்காது.

இயக்கத்துக்கு மூன்று வேண்டுகோள்

ஒன்று. நம் குழுக்களில் மரவட்டைக்குக் கரைசல் சொல்வதை நிறுத்துவோம். யாராவது கேட்டால் மூடாக்கை எங்கே வைப்பது, தண்ணீர் எப்போது பாய்ச்சுவது என்று சொல்லித்தருவோம்.

இரண்டு. பயிற்சி முகாம்களில் ஐந்திலைக் கரைசலும் பஞ்சகவ்யாவும் தயாரிக்கக் கற்றுக்கொடுக்கிறோம், நல்லது. அதோடு ஐப்பசி, கார்த்திகையில் ஒரு காலை நேரம், புதிதாக வரும் நண்பர்களைச் சருகுக்கு அடியில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்வோம். மரவட்டை எத்தனை விதம், எந்த இலையை முதலில் தின்கிறது, எதைத் தொடுவதே இல்லை, எச்சம் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு பஸ் ஓட்டுநரால் உலகத்தின் பழைய மரவட்டையைக் கண்டுபிடிக்க முடிந்ததென்றால், நம் பிள்ளைகளால் நம் நிலத்து மரவட்டையையாவது அடையாளம் காண முடியும்.

மூன்று. சருகு எரிப்புக்கு எதிராக அவரவர் ஊராட்சியின் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவோம். கூடவே "எரிக்காதே" என்று சொல்கிறவர், எடுத்துக்கொள்ளவும் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். பக்கத்துத் தெருவுக்குப் பத்துச் சாக்கு கொடுத்தால் போதும்.

மண்ணில் கரிமச்சத்து குறைந்துவிட்டது என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். அசலை எடுத்துச் செலவழித்துவிட்டு வட்டி வரவில்லையே என்று வங்கிக்கு வந்து சண்டை போட்ட வாடிக்கையாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சருகுதான் அசல். அதை மண்ணின் கணக்கில் வரவு வைக்கிற குமாஸ்தா இந்த மரவட்டை. நாற்பது கோடி ஆண்டு சர்வீஸ் உள்ள அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது ஒரு கூடை ஈர இலை. இந்தப் பருவத்தில் அதைக் கொடுத்துப் பாருங்கள். கொடுத்தவர்கள் தை மாதம் அந்த இடத்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இந்த இதழுக்கே எழுதுங்கள்.